உடைந்த பொதிகளும் ஒரு சொற்பட்டியலும்

ஸ்ரீரங்கம் மேலச்சித்திரை வீதியில் குடியிருக்கும் எங்கள் ஆசிரியருக்கு இப்போது எண்பத்திரண்டு வயது. திருச்சியில் முப்பதாண்டுகளுக்கு மேல் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவர். தம் பெயரை எங்கும் எழுதக் கூடாது என்பது அவர் எங்களுக்கு இட்ட நிபந்தனை. ஆகவே நேரில் அழைப்பது போலவே இக்கட்டுரையிலும் அவரைச் 'சார்' என்றே குறிப்பிடுகிறோம்.

சாருக்கு ஒரு பழக்கம் இருந்தது. விடுமுறை நாட்களில் மிதிவண்டியை எடுத்துக்கொண்டு காவிரிக் கரையோடும் கொள்ளிடக் கரையோடும் போவார். மேற்கே குளித்தலை, கிழக்கே லால்குடி என்று அவருடைய எல்லைகள் விரிந்திருந்தன. வாழைத் தோட்டக்காரர்கள், பரிசல் ஓட்டுபவர்கள், வாய்க்கால் காவல் பார்ப்பவர்கள், நாற்று நடும் பெண்கள் ஆகியோரிடம் பேசி, நீரையும் மண்ணையும் பயிரையும் பற்றி அவர்கள் வழங்கும் சொற்களைச் சிறு தாள்களில் குறித்துக்கொள்வார். ஆற்றுநீரை வாய்க்காலுக்குத் திருப்புவதற்காக மணலும் தழையும் இட்டுத் தற்காலிகமாகப் போடும் குறுக்கணைக்குக் 'கொரம்பு' என்று பெயர். ஆற்றின் நடுவே எழும் திட்டைத் 'துருத்தி' என்பார்கள், 'அரங்கம்' என்பார்கள். நாங்கள் குடியிருக்கும் ஊரே அப்படிப்பட்ட ஓர் அரங்கந்தான். இப்படி நான்காயிரத்துச் சொச்சம் தாள்கள் சேர்ந்தன. ஒவ்வொரு தாளிலும் மூன்று செய்திகள் இருக்கும்: சொல், பொருள், சொன்னவர் பெயரும் ஊரும்.

2003க்கும் 2006க்கும் இடையில் சாரின் மாணவர் ஒருவர் இத்தாள்களைக் கணினியில் ஏற்றினார். அன்று வழக்கில் இருந்த திஸ்கி குறிமுறையில் அவை ஏறின. அகரவரிசைப்படுத்த ஒரு சிறு நிரலையும் அம்மாணவர் எழுதிக் கொடுத்துவிட்டு வெளிநாடு போனார். கணினி மூலையில் கிடந்தது. தாள்களைக் கரையான் தின்றது. சாருக்கோ கண் அழுத்த நோய். போன பார்வை திரும்பாது, இருக்கும் பார்வையைக் காக்கத்தான் மருந்து என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

2024 புரட்டாசியில் ஒருநாள் சார் எங்களை அழைத்தார். "பெரிய எழுத்தில் ஒருதரம் முழுக்கப் பார்த்துடணும்ப்பா. தப்பு இருந்தா நான்தானே திருத்தணும்? பொங்கலுக்குள்ள முடியுமா?" என்று கேட்டார்.

நாங்கள் மூவர். ஒருவர் வங்கியில் வேலை பார்க்கிறார், ஒருவர் பள்ளி ஆசிரியர், ஒருவர் மருந்துக்கடை வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா மண்டபத்துப் படித்துறையில் கூடிக் கதையும் கவிதையும் பேசுவதைத் தவிர எங்களை இணைக்கும் தொழில் வேறொன்றும் இல்லை. சுஜாதா வளர்ந்த ஊரில் இலக்கியம் படிப்பவன் கணினியும் கொஞ்சம் அறிந்திருக்க வேண்டும் என்ற வீம்பு மட்டும் எங்களிடம் உண்டு. அந்த வீம்பில், "ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும் சார்" என்று சொல்லிவிட்டோம். பதினொரு ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின.

*

பழைய கணினியில் இருந்த கோப்புகளை வெளியே எடுப்பது எளிதாகவே முடிந்தது. அவற்றை ஒருங்குறிக்கு மாற்றி, அகரவரிசைப்படுத்தி, அச்சிட வேண்டும். இதற்கென எங்கள் வட்டத்திற்குச் சொந்தமான பழைய மடிக்கணினியில் லினக்ஸ் போட்டிருந்தோம். டெபியன் என்னும் வகை, அப்போதைய நிலைப்பதிப்பான 12. மாற்றித் தரும் கருவிகளும் இலவசமாகவே கிடைக்கின்றன. அவற்றை நிறுவினால் போதும். அந்த 'நிறுவினால்' என்ற ஒரு சொல்லில்தான் எங்கள் பதினொரு ஞாயிறுகளும் அடங்கியிருந்தன.

கணினி அறியாத வாசகர்களுக்காகச் சிறிது விளக்குகிறோம். எந்த மென்பொருளும் தனியாக நிற்பதில்லை. கல்யாண வீட்டில் பந்தல்காரர் கால் நட்டால்தான் வாழைமரம் கட்ட முடியும். அடுப்பு வந்தால்தான் சமையற்காரர் கரண்டி எடுப்பார். அதுபோல எழுத்தை மாற்றும் ஒரு நிரல், கோப்பைத் திறக்கும் மற்றொரு நிரலை நம்பியிருக்கிறது. அது எண்களைக் கையாளும் வேறொன்றை நம்பியிருக்கிறது. இந்த நம்பிக்கைக்குத்தான் கணினித் தமிழில் 'சார்பு' என்று பெயர். மென்பொருளைக் கட்டி வைத்திருக்கும் மூட்டை 'பொதி'. ஒவ்வொரு பொதியின் மீதும் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். 'எனக்கு இன்ன இன்ன பொதிகள், இன்ன பதிப்பு எண்ணுக்கு மேல் வேண்டும்' என்று அச்சீட்டு சொல்லும்.

இயன் மர்டாக் 1993 ஆகஸ்டில் டெபியனைத் தொடங்கினார். தொடக்க ஆண்டுகளில் சீட்டைப் படித்து, தேவையான பொதிகளை ஒவ்வொன்றாகத் தேடிப் பிடிப்பது பயனரின் வேலையாக இருந்தது. ஒன்றைத் தேடினால் அது மூன்றைக் கேட்கும். 1998இல் 'ஆப்ட்' என்னும் கருவி வந்த பிறகு அந்த அலைச்சல் பெரும்பாலும் நின்றது. சீட்டுகளைப் படித்து, களஞ்சியங்களில் தேடி, வரிசை தவறாமல் நிறுவுவது அதன் வேலை. நல்ல கல்யாணக் காரியஸ்தரைப் போல, எல்லாம் சரியாக நடக்கும்வரை அது இருப்பதே நமக்குத் தெரியாது. ஒன்று பிசகினால் மட்டும் பேசத் தொடங்கும்.

எங்களிடம் முதல் நாளே பேசத் தொடங்கியது.

களஞ்சியத்தின் பட்டியல் 'இன்னும் செல்லுபடியாகவில்லை' என்றது முதல் செய்தி. திரும்பத் திரும்பக் கட்டளையிட்டோம். இணைப்பைக் குறை சொன்னோம். களஞ்சியத்தை மாற்றிப் பார்த்தோம். மருந்துக்கடை நண்பர்தாம் திரையின் மூலையைக் காட்டினார். கணினியின் கடிகாரம் மூன்று ஆண்டுகள் பின்தங்கி நின்றது. உள்ளே இருக்கும் பொத்தான் மின்கலம் செத்துவிட்டதால், மின்சாரம் போனபோதெல்லாம் கணினி காலத்தை மறந்திருக்கிறது. அதன் கணக்குப்படி அப்பட்டியல் எதிர்காலத்தில் எழுதப்பட்டது; எதிர்காலத்துப் பத்திரத்தை எப்படி ஏற்பது? 'செல்லுபடியாகவில்லை' என்று சொன்னதில் அதன் பக்கம் பிழையே இல்லை. தேதியைச் சரிசெய்ததும் பட்டியல் இறங்கியது. ஒரு ஞாயிறு போயிற்று.

அடுத்த ஞாயிறு வேறொரு நிரல் பின்னணியில் எதையோ புதுப்பித்துக்கொண்டிருந்ததால் 'பூட்டைப் பெற முடியவில்லை' என்றது. பூட்டுக் கோப்பை அழித்துவிடச் சொல்லி ஆலோசனைகள் எங்கும் கிடைக்கும். அழிக்கக் கூடாது. சன்னதியில் திரை போட்டிருந்தால் உள்ளே ஏதோ நடக்கிறது என்று பொருள். திரை விலகும்வரை நிற்பதுதான் முறை. கால் மணி நேரம் நின்றோம், விலகியது. நிறுவத் தொடங்கினோம். பாதியில் மின்சாரம் போயிற்று. மடிக்கணினியின் பெரிய மின்கலமும் செத்ததுதான்.

மறுபடி இயக்கியபோது, சில பொதிகள் 'பிரிக்கப்பட்டன, ஆனால் அமைக்கப்படவில்லை' என்ற நிலையில் இருப்பதாகத் தெரிந்தது. கோப்புகள் எல்லாம் வந்து சேர்ந்துவிட்டன, கடைசி ஒழுங்குபடுத்தல் மட்டும் நடக்கவில்லை. ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்கு இந்த நிலையை விளக்கத் தேவையில்லை. எங்கள் தெற்கு ராயகோபுரம் அச்சுததேவராயர் காலத்தில் தொடங்கி, அடித்தளத்தோடு நின்று, ஏறக்குறைய நானூறு ஆண்டுகள் 'மொட்டைக் கோபுர'மாகவே இருந்தது. அகோபில மடத்து 44ஆம் பட்டம் ஜீயர் 1979இல் பணியை மீண்டும் தொடங்கி, 1987 மார்ச் 25 அன்று பதின்மூன்று நிலைகளோடு குடமுழுக்கு நடந்தது. எங்களில் இருவர் சிறுவயதில் அதன் கீழே மொட்டைக் கோபுரத்தைப் பார்த்து வளர்ந்தவர்கள். விட்ட இடத்திலிருந்து தொடரச் சொல்லும் கட்டளை ஒன்று இருக்கிறது, அதைக் கொடுத்தோம். கோபுரத்துக்கு வாய்க்காதது எங்களுக்கு இரண்டே நிமிடத்தில் வாய்த்தது.

*

இவை யாவும் சில்லறைத் தொல்லைகள். மெய்யான சிக்கல் மூன்றாம் ஞாயிறு வந்தது.

எங்கள் வங்கி நண்பர், ஒரு புதிய எழுத்துருக் கருவி வேண்டுமென்று, உபுண்டு 24.04க்குரிய களஞ்சியம் ஒன்றை எங்கள் டெபியனில் சேர்த்து வைத்திருந்தார். உபுண்டுவும் டெபியனிலிருந்து பிறந்ததுதானே, உறவுமுறைதானே என்பது அவர் வாதம். பங்காளி வீட்டுச் சாவி நம் வீட்டுப் பூட்டுக்குச் சேராது என்பதை ஆப்ட் சொன்னது. 'சில சார்புகள் நிறைவேறவில்லை' என்று தொடங்கி நாலைந்து வரிகள் ஓடி, கடைசியில் 'நீங்கள் நிறுத்தி வைத்துள்ள உடைந்த பொதிகள் இருக்கின்றன' என்று முடித்தது.

அக்கடைசி வரி எங்களை ஒரு வாரம் அலைக்கழித்தது. நாங்கள் எதையும் நிறுத்தி வைக்கவில்லை. நிறுத்தி வைத்தவற்றின் பட்டியலைக் கேட்டால் வெறுமையாக வந்தது. பலரையும் இதே வரி இப்படி ஏமாற்றியிருக்கிறது என்று பிறகு அறிந்தோம். தன்னால் தீர்வு காண முடியாதபோது ஆப்ட் பொதுவாகச் சொல்லும் வாசகம் அது. உண்மையான காரணம் அதற்கு மேலே, நாங்கள் படிக்காமல் தாண்டிய வரியில் இருந்தது. சி மொழியின் அடிப்படை நூலகம் 2.38 அல்லது அதற்கு மேல் வேண்டுமென்று புதிய பொதி கேட்டது. எங்களிடம் இருந்ததோ 2.36. டெபியன் 12இல் அதுதான் இருக்கும், இருக்கவும் வேண்டும்.

கவிதையைக் கடைசி வரியிலிருந்து படிக்கும் பழக்கம் எங்களுக்கு எப்படியோ வந்திருக்கிறது. பிழைச்செய்தியை முதல் வரியிலிருந்து படிக்க வேண்டும்.

"அந்த நூலகத்தையும் உபுண்டுவிலிருந்தே இழுத்துப் போட்டுவிட்டால் என்ன?" என்றார் வங்கி நண்பர். கட்டாயப்படுத்தி நிறுவ வழி உண்டு. ஆனால் கணினியில் இருக்கும் நிரல்களில் ஏறக்குறைய எல்லாமே அந்த ஒரு நூலகத்தின் மேல்தான் நிற்கின்றன. அதை உருவினால் வீடே சரியும். 2021 நவம்பரில் கனடாவைச் சேர்ந்த காணொளியாளர் லைனஸ் செபாஸ்டியன், பாப் ஓஎஸ் என்னும் லினக்ஸ் வகையில் ஒரு விளையாட்டு மென்பொருளை நிறுவ முயன்றார். பொதிகளின் பதிப்பு எண்கள் ஒத்துப்போகவில்லை. இன்றியமையாத பொதிகள் நீக்கப்படப் போகின்றன, மெய்யாகவே வேண்டுமென்றால் 'ஆம், நான் சொல்கிறபடி செய்' என்று முழு வாசகத்தையும் தட்டுக என்று கருவி எச்சரித்தது. தட்டினார். திரையில் இருந்த சாளரங்கள் உட்பட மேசைச்சூழல் முழுவதும் நீங்கிவிட்டது. அக்காட்சியை உலகம் பார்த்தது. பழி அவருடையது மட்டுமன்று; பொதியைச் சரியாகக் கட்டாததும் ஒரு காரணம். எங்களுக்கு அதில் கிடைத்த பாடம் வேறு: கருவி கேள்வி கேட்டு நிற்கும் இடத்தில் நாமும் நிற்க வேண்டும்.

உபுண்டுக் களஞ்சியத்தைப் பட்டியலிலிருந்து நீக்கினோம். அதிலிருந்து வந்திருந்த ஓரிரு பொதிகளையும் அகற்றிவிட்டு டெபியனின் சொந்தப் பதிப்புகளைப் போட்டோம். புதிய எழுத்துருக் கருவி இல்லாமலே வேலை நடந்தது.

*

இனி, எழுத்தை மாற்றும் வேலை. முத்தையா அண்ணாமலையும் பிற தன்னார்வலர்களும் உருவாக்கிய 'ஓப்பன்-தமிழ்' என்னும் பைத்தான் நூலகம் இதற்கு ஏற்றது. திஸ்கி, டாப், டாம், பாமினி முதலிய பழைய குறிமுறைகளிலிருந்து ஒருங்குறிக்கு மாற்றும். தமிழ் அகரவரிசையும் அதற்குத் தெரியும். ஒருங்குறி அட்டவணையில் 'ன' எழுத்து 'ந'வுக்கு அடுத்தும், 'ற' எழுத்து 'ர'வுக்கு அடுத்தும் அமர்ந்திருப்பதால், வெறும் எண் வரிசைப்படி அடுக்கினால் நம் நெடுங்கணக்குப் பிறழ்ந்துவிடும். சார் அதைப் பார்த்தால் பட்டியலைத் தூக்கி எறிவார்.

பைத்தான் பொதிகளை நிறுவும் கருவி 'பிப்'. அதை ஏவியதும், 'இச்சூழல் வெளியிலிருந்து மேலாண்மை செய்யப்படுகிறது' என்று மறுத்தது. டெபியன் 12 முதல், அதாவது 2023 ஜூன் முதல், இது விதி. ஆப்ட் பராமரிக்கும் வீட்டில் பிப் புகுந்து சாமான்களை இடம் மாற்றினால் இரண்டு பேருக்கும் சண்டை வரும். மீறுவதற்கும் ஒரு வழி உண்டு. அதன் பெயரே 'கணினியின் பொதிகளை உடை' என்பதுதான். இத்தனை வெளிப்படையாகப் பெயர் வைத்தவருக்கு எங்கள் வணக்கம். முறையான வழி, இந்த வேலைக்கென்று ஒரு மெய்நிகர்ச் சூழலை அமைத்துக்கொள்வது. பெரிய வீட்டுச் சமையலறையில் இடித்துக்கொள்ளாமல், மாடியில் தனிக்குடித்தனம். அவரவர் அடுப்பு, அவரவர் பாத்திரம். அந்தத் தனிக்குடித்தனம் வைப்பதற்கும் ஒரு பொதி தேவைப்பட்டது. அதை ஆப்ட்டிடம்தான் கேட்டு வாங்க வேண்டியிருந்தது என்பது வேறு கதை.

அங்கேயும் ஒரு முட்டுக்கட்டை. அட்டவணை வேலைக்காக நாங்கள் சேர்த்திருந்த நூலகம் ஒன்று, நம்பை என்னும் எண்கணித நூலகம் 2ஆம் பதிப்புக்குக் கீழே இருக்க வேண்டும் என்றது. மற்றொன்று 2 அல்லது அதற்கு மேல் என்றது. 2024 ஜூனில் நம்பை 2.0 வெளிவந்த பிறகு இப்படிப்பட்ட பிணக்குகள் பல இடங்களிலும் எழுந்தன. பிப் இரண்டையும் மாற்றி மாற்றி முயன்றுவிட்டு, 'தீர்க்க இயலாது' என்று கைவிரித்தது.

இந்த இடத்தில் நாங்கள் கற்ற ஒரு சிறு வரலாறு. 2020 நவம்பர் இறுதியில் வெளிவந்த 20.3ஆம் பதிப்புக்கு முன், பிப் இப்படிக் கைவிரிப்பதில்லை. முதலில் கேட்டவருக்கு வேண்டியதைப் போட்டுவிட்டு, அடுத்தவருடைய நிபந்தனையைப் பெரும்பாலும் பொருட்படுத்தாமல் போய்விடும். நிறுவல் முடிந்தது என்றே பயனர் நினைப்பார். பின்னொரு நாள் நிரல் இடையில் விழும், அல்லது விழாமல் தவறான விடையைத் தரும். புதிய பதிப்பு வந்ததும் 'பிப் கெட்டுவிட்டது, எங்கும் பிழை' என்று பலர் முறையிட்டார்கள். பிழைகள் முன்பும் இருந்தன. இப்போது வாய் திறந்து சொல்கிறது, அவ்வளவுதான்.

எங்கள் பிணக்குக்குத் தீர்வு எளியது. அந்த இரண்டு நூலகங்களும் எங்களுக்குத் தேவையே இல்லை. மூன்று பத்திகளைப் பிரிக்க நாலு வரி நிரல் போதும். இரண்டையும் நீக்கினோம். சாரின் மாணவர் எழுதிய பழைய நிரல் பைத்தான் 2இல் இருந்தது. அதற்கான ஆதரவு 2020 ஜனவரி 1 அன்றே முடிந்துவிட்டது, டெபியன் 12இல் அது இல்லவும் இல்லை. பள்ளி ஆசிரிய நண்பர் அந்நிரலை வரிவரியாக வாசித்து, புதிய பைத்தானில் மறுபடி எழுதினார். எட்டாம் ஞாயிறு மாலை, பட்டியல் ஒருங்குறியில் திரையில் எழுந்தது. 'அகத்தி' முதல் வரிசையாக ஓடியது. நாங்கள் எழுந்து நின்று கைகொடுத்துக்கொண்டோம்.

*

சொல் வந்தது. பொருள் வந்தது. மூன்றாம் பத்தி மட்டும் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்த குப்பையாக இருந்தது. நான்காயிரம் வரியிலும் அப்படியே.

பிழைச்செய்தி எதுவும் வரவில்லை. நிரல் 'முடிந்தது' என்றே சொல்லியிருந்தது.

பொங்கலுக்கு ஐந்து வாரங்கள் இருந்தன. சாரின் இடக்கண் பார்வை அதற்குள் இன்னும் குறுகியிருந்தது. சொல்லும் பொருளும் வந்துவிட்டனவே, மூன்றாம் பத்தியை விட்டுவிட்டு அச்சிட்டால் என்ன என்று எங்களுக்குள் பேசிக்கொண்டோம். அகராதி என்றால் சொல்லும் பொருளுந்தானே. சாரிடம் போய்ச் சொன்னோம்.

சார் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "சொன்னவா பேரை எடுத்துட்டா அது நான் சொன்னதா ஆயிடும்ப்பா. நான் சொல்லலையே" என்றார். சற்றுப் பொறுத்து, "அந்தப் பத்தி அவ அடிச்சது" என்றார்.

அதன் பிறகுதான் விவரம் தெரிந்தது. மாணவர் சொல்லையும் பொருளையும் ஏற்றி முடித்தபோது அவருக்கு வெளிநாட்டுப் பயணம் வந்துவிட்டது. மீதி இருந்த பெயர்களையும் ஊர்களையும் சாரின் மனைவி அடித்தார். மகன் வீட்டுக் கணினியில், பக்கத்து அச்சகத்தில் வழங்கிய பாமினி எழுத்துருவில், மத்தியான வேளைகளில். இரண்டையும் பின்னால் ஒரே கோப்பாகச் சேர்த்திருக்கிறார்கள். அவர் காலமாகிப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன.

பாமினி என்பது ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை வரைந்து வைத்த எழுத்துரு. அதில் 'அம்மா' என்று அடித்தால், கோப்பில் சேர்பவை எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து குறிகள். எழுத்துரு இருந்தால் அவை அம்மா. இல்லையென்றால் ஐந்து குறிகள். திஸ்கி மாற்றிக்கு அவை ஆங்கிலமாகத் தோன்றியதால் தொடாமல் விட்டுவிட்டது. ஒரு பத்திக்கு ஒரு குறிமுறை, மறு பத்திக்கு வேறொன்று என்று கோப்பில் எங்கும் எழுதப்படவில்லை. ஆப்ட் பொதிகளின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டு இக்கோப்பின் மேல் இல்லை. சீட்டு இருந்திருந்தால் முதல் நாளே 'பாமினி வேண்டும், இங்கே இல்லை' என்று கத்தியிருக்கும். நாங்களும் அதைத் திட்டியிருப்போம்.

எட்டு வாரங்களாக நாங்கள் எதன் மேல் எரிச்சல் கொண்டிருந்தோமோ, அதன் அருமை அன்று விளங்கியது. இன்னது இல்லாமல் நான் நிற்க மாட்டேன் என்று பெயர் சொல்லித் தடுப்பது பெரிய உதவி. பெயர் சொல்லாமல் உள்ளே விட்டுவிடுவதுதான் ஆபத்து. எங்கள் ஆத்திரத்தில் நாங்கள் வெட்டியெறிய இருந்த மூன்றாம் பத்தியும் அப்படிப்பட்ட சீட்டுதான். இந்தச் சொல் இன்னாரைச் சார்ந்து நிற்கிறது என்று நான்காயிரம் முறை எழுதியது.

எதைச் சார்ந்திருக்கிறோம் என்பது அது விலகும்போதுதான் தெரிகிறது. 2016 மார்ச் 22 அன்று, அசர் கொசூலு என்ற நிரலாளர் ஒரு பெயர்த் தகராறில் மனம் கசந்து, தம் சிறு பொதிகளை எல்லாம் என்பிஎம் களஞ்சியத்திலிருந்து விலக்கிக்கொண்டார். அவற்றுள் 'லெஃப்ட்-பேட்' என்பது ஒன்று. ஒரு சொல்லின் இடப்பக்கத்தை வெற்றிடத்தால் நிரப்பும் பதினொரு வரி நிரல். அது போனதும் உலகெங்கும் பெரிய பெரிய திட்டங்கள் கட்டமுடியாமல் நின்றன. 2024 மார்ச்சில், எக்ஸ்இசட் என்னும் சுருக்கக் கருவிக்குள் யாரோ கள்ளக் கதவு வைத்திருப்பதை ஆந்திரெஸ் ஃப்ராய்ண்டு கண்டுபிடித்தார். தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும்போது அரை நொடி தாமதம் ஏற்படுகிறதே என்று அவர் துருவியதுதான் காரணம். எண்ணற்ற கணினிகளில் இருக்கும் அக்கருவியைப் பல ஆண்டுகளாகப் பெரும்பாலும் ஒரே ஒரு தன்னார்வலர் கவனித்து வந்தார். களைத்துப்போன அவரிடம் உதவிக்கு வருவதாகச் சொல்லித்தான் கள்ளன் உள்ளே வந்தான்.

அத்தனை தூரம் போவானேன். 1976இல் திறந்த எங்கள் காவிரிப் பாலத்தை 2022இன் பிற்பகுதியில் மராமத்துக்காக மூடினார்கள். தூண்கள் திடமாகத்தான் இருந்தன. தூணுக்கும் தளத்துக்கும் இடையில் இருக்கும் தாங்கிகளையும், தளங்களின் இணைப்புகளையும் மாற்ற வேண்டியிருந்தது. நாற்பத்தைந்து ஆண்டுகளாக அப்படி ஒரு பொருள் அங்கே இருப்பதை நாங்கள் அறியோம். 2023 மார்ச்சில் பாலம் திறக்கும்வரை சத்திரம் பேருந்து நிலையத்துக்குச் சுற்றிக்கொண்டு போனோம்.

*

தீர்வு தெரிந்த பிறகு வேலை ஒரே நாள்தான். ஓப்பன்-தமிழில் பாமினிக்கான மாற்றியும் இருந்தது. முதல் இரு பத்திகளுக்குத் திஸ்கி மாற்றி, மூன்றாம் பத்திக்குப் பாமினி மாற்றி. பெயர்கள் ஒவ்வொன்றாகத் தமிழில் எழுந்தபோது நாங்கள் கைகொடுத்துக்கொள்ளவில்லை. படகுக்காரர்கள், நடவுப் பெண்கள், ஒரு மீன்பிடிக்கும் சிறுவன். அவர்களில் எத்தனை பேர் இன்று இருக்கிறார்கள் என்று சாருக்கும் தெரியாது. இடையிடையே 'பெயர் சொல்ல வெட்கப்பட்டார், முத்தரசநல்லூர்' என்று அம்மா அடித்திருந்த வரிகளும் வந்தன.

மார்கழி முடிவதற்குள் இருபது புள்ளி எழுத்தில் அச்சிட்டுக் கட்டிக் கொடுத்தோம். சார் உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துக்கொண்டு நாளைக்குப் பத்துப் பக்கம் பார்த்தார். மூன்றாம் பத்தியைத்தான் முதலில் பார்ப்பார்.

முதற்பக்கத்தில் நாங்கள் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறோம். இப்பட்டியல் எந்தக் குறிமுறைகளில் இருந்தது, எந்த நூலகத்தின் எந்தப் பதிப்பால் மாற்றப்பட்டது, அடித்தவர்கள் யார், நிரல் எழுதிய மாணவர் யார் என்ற விவரங்கள் அதில் உள்ளன. மெய்நிகர்ச் சூழலில் இருந்த பொதிகளின் பெயர்களையும் பதிப்பு எண்களையும் ஒரு கோப்பாக எழுதித் தரச் சொன்னால் பிப் தரும். அதையும் கடைசிப் பக்கத்தில் அச்சிட்டிருக்கிறோம். இன்னும் இருபது ஆண்டுகள் கழித்து எவரேனும் இதைத் திறந்தால், எங்களைப் போல எட்டு ஞாயிறு அலைய வேண்டாம் என்பதற்காக.

சீட்டைப் படிக்கச் சொல்லிக் கேட்ட சார், தம் பெயர் அதில் இருப்பதை மட்டும் அடிக்கச் சொன்னார். நாங்கள் மறுத்துவிட்டோம். "இந்தப் பட்டியல் உங்களைச் சார்ந்து நிற்கிறது, அதை எடுத்தால் பொதி உடைந்துவிடும் சார்" என்றார் வங்கி நண்பர். சார் சிரித்துவிட்டு, 'கொரம்பு' என்ற சொல்லுக்கு எதிரே இருந்த ஊர்ப்பெயரில் ஓர் எழுத்துப்பிழையைச் சுட்டிக்காட்டினார்.